தனிச்சுற்றுக்கு மட்டும்: சேரிகள் நடத்திய பத்திரிகைகள்

ஆடிக் கிருத்திகை அன்னிக்குத் திருத்தணியில் கால் வைக்க இடம் கிடைக்காது. நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுற சனமும், அரக்கோணம், சோளிங்கர் பக்கத்திலிருந்து தமிழ் பேசுற சனமும் காவடியோட வந்து இறங்கும். 2012ஆம் வருஷம் அந்தக் கூட்டத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில், நாங்கள் நாலு பேர் ஒரு கோணியை விரித்து உட்கார்ந்திருந்தோம். எங்கள் முன்னால் 150 பிரதிகள். தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம், நாலு தாளுக்குப் பதினாறு பக்கம். ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தது. ஒரு பிரதிக்கு எங்களுக்கு ஆன செலவு 4 ரூபாய், விலை 5 ரூபாய். காலனிப் பையன்கள் எழுதிய கவிதை, சுடுகாட்டுப் பாதை பற்றி ஒரு கட்டுரை, ஒரு சாவு மேளக்காரரோட பேட்டி. அவ்வளவுதான் சரக்கு.

பத்து பிரதி போயிருக்கும். ஒரு காக்கிச் சட்டை வந்து நின்றது.

"இன்னாடா இது? பர்மிசன் இருக்குதா?"

"பத்திரிகை சார். நாங்களே போடுறது."

அவர் ஒரு பிரதியை எடுத்துத் திருப்பினார். பின்னட்டையின் அடியில் சின்னதாக 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டிருந்தோம். உரக்கப் படித்தார். "தனிச்சுற்றுன்னா தனியா சுத்த வேண்டியதுதானே? கூட்டத்துல இன்னாத்துக்குக் கடை போட்டீங்க?" என்றார். இருபது பிரதிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எங்களுக்கு அடுத்து உட்கார்ந்து முருகன் பாட்டுப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய புத்தகத்திலும் அச்சிட்டவர் பேர் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

கோபம் தணிந்த பிறகு அந்தக் கேள்வி மட்டும் மனசில் நின்றது. தனிச்சுற்று என்றால் என்ன? இந்த இரண்டு வார்த்தையை நாங்கள் எங்கிருந்து எடுத்தோம்?

எல்லாச் சிறுபத்திரிகைகளிலும் இருந்ததைப் பார்த்து நாங்களும் போட்டோம், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1867இல் வெள்ளைக்காரன் ஒரு பதிவுச் சட்டம் கொண்டுவந்தான். பத்திரிகை நடத்துகிறவன் மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்று, இன்னார் அச்சிடுகிறேன், இன்னார் வெளியிடுகிறேன், இன்ன இடம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் அச்சகத்தின் பேர் வேண்டும். வெள்ளைக்காரன் போன பிறகும் அதே சட்டம்தான் நீடித்தது. 2023இல் புதுச் சட்டம் போட்டுத்தான் அதை மாற்றினார்கள். இந்த மாஜிஸ்திரேட் வாசலுக்குப் போக முடியாதவர்களும் போக விரும்பாதவர்களும் கண்டுபிடித்த சந்துதான் தனிச்சுற்று. 'இது பொதுவுக்கு இல்லைங்க, எங்களுக்குள்ளே' என்று சொல்லித் தப்பிக்கிற வழி. நமக்கு இது புதுசில்லை. பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு எதுவுமே நமக்குப் பொதுவாக இருந்ததில்லை. பத்திரிகையிலும் 'எங்களுக்குள்ளே' என்று நாமே எழுதி வைத்துவிட்டோமோ என்று அன்றைக்குத் தோன்றியது.

எம்.ஏ. தமிழில் எனக்கு இதழியல் ஒரு தாள். மணிக்கொடி 1933. எழுத்து 1959. கசடதபற 1970. இந்த மூன்று வருஷத்தையும் மனப்பாடம் பண்ணினால் பத்து மார்க் நிச்சயம். சொந்தக் காசைப் போட்டு, மனைவி நகையை அடகு வைத்து, நஷ்டப்பட்டு, தமிழை வாழவைத்த தியாகிகளின் வரலாறு என்று பாடம் நடக்கும். நடத்திய ஆசிரியரைக் குற்றம் சொல்ல வரவில்லை. நல்ல மனுசன். அவருக்குக் கொடுத்த புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. நான் எழுந்து, 'சார், அதுக்கு முன்னாடி யாரும் சொந்தக் காசில் பத்திரிகை போடலியா?' என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கும் தெரியாது.

மணிக்கொடிக்கு 64 வருஷம் முன்னால், 1869இல், 'சூரியோதயம்' என்று ஒரு பத்திரிகை வந்திருக்கிறது. 1871இல் 'பஞ்சமன்'. 1885இல் ஜான் ரத்தினமும் அயோத்திதாசரும் சேர்ந்து 'திராவிட பாண்டியன்'. அப்புறம் 'மகாவிகடதூதன்'. 1903இல் பூஞ்சோலை முத்துவீர நாவலரின் 'பூலோகவியாஸன்'. ஸ்வப்பனேஸ்வரி அம்மாள் என்ற பெண் நடத்திய 'தமிழ் மாது'. இப்படி 1943 வரைக்கும் தலித்துகள் நடத்திய பத்திரிகைகளைத் தேடி எடுத்து ஜெ. பாலசுப்பிரமணியம் 2017இல் ஒரு புத்தகமே போட்டார். அதன் பேர் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை'. நான் எம்.ஏ. முடித்துப் பல வருஷம் கழித்துத்தான் அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. பத்து மார்க்குக்கு என்னைப் பொய் எழுத வைத்திருக்கிறார்கள்.

இதில் ரெட்டைமலை சீனிவாசனின் 'பறையன்' பத்திரிகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1893 அக்டோபரில் சென்னையில் ஆரம்பித்தது. போட்ட முதல் 10 ரூபாய். நாலே பக்கம். 10 ரூபாய்க்கு ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து, அதற்கு எந்தப் பேரைச் சொல்லி ஊரார் காறித் துப்பினார்களோ அந்தப் பேரையே கொட்டை எழுத்தில் தலைப்பாக வைத்தார். இரண்டே நாளில் சென்னையில் மட்டும் 400 பிரதிகள் போனதாக அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். மாதப் பத்திரிகையாக வந்தது மூன்று மாதத்தில் வாரப் பத்திரிகை ஆனது. இரண்டு வருஷத்தில் சொந்த அச்சுக்கூடம். ஒரு கடிதத்தை வெளியிட்டதற்கு வழக்குப் போட்டார்கள். 100 ரூபாய் அபராதம். 10 ரூபாயில் தொடங்கிய பத்திரிகைக்கு 100 ரூபாய் அபராதம் என்றால், எதிராளிக்கு எந்த இடத்தில் வலித்தது என்று நாமே புரிந்துகொள்ளலாம்.

அந்தப் பேரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெருவில் அந்தப் பத்திரிகையை விற்கிறவன் என்ன சொல்லிக் கூவியிருப்பான்? கடையில் கேட்கிறவன் என்ன சொல்லிக் கேட்டிருப்பான்? வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். வசவாக மட்டுமே சொல்லிப் பழகிய வாய் ஒரு பத்திரிகையின் பேராகச் சொல்ல வேண்டிய கட்டாயம். சீனிவாசனின் வாதம் எளிமையானது. அந்தப் பேரால்தான் நம்மை ஒடுக்குகிறான், அந்தப் பேரோடு எழுந்து நின்றால்தான் உரிமை கேட்க முடியும், ஒளிந்துகொண்டு கேட்க முடியாது.

அயோத்திதாசருக்கு இது ஆகவே இல்லை. இத்தனைக்கும் இருவரும் மைத்துனர் முறை. சீனிவாசனின் தங்கையைத்தான் அயோத்திதாசர் கட்டியிருந்தார். எதிரி வைத்த பேரை நாமே ஏன் சுமக்க வேண்டும், நாம் பூர்வ பௌத்தர்கள், இந்த மண்ணின் ஆதித் தமிழர்கள் என்பது அவர் கட்சி. அவர் 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையில் தொடங்கிய பத்திரிகைக்கு வைத்த பேர் 'ஒரு பைசாத் தமிழன்'. யார் தமிழன் என்று ஊரே சண்டை போடத் தொடங்குவதற்கு முன்னாலேயே, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் அந்தப் பேரை எடுத்துத் தன் வீட்டு வாசலில் மாட்டிவிட்டார்.

இந்த இரண்டு தலைப்பில் எது சரி என்று இன்றைக்கும் நம் கூட்டங்களில் சண்டை நடக்கிறது. இரண்டும் வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒன்று வசவைப் பிடுங்கிக்கொண்டது, இன்னொன்று பெருமையைப் பிடுங்கிக்கொண்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விவாதத்தை வேறு யாருடைய பத்திரிகையிலும் அவர்களால் நடத்தியிருக்க முடியாது. சொந்தத் தாள் இருந்ததால்தான் சொந்தப் பேரைப் பற்றிச் சண்டை போட முடிந்தது. அடுத்தவன் பத்திரிகையில் நாம் எப்போதும் செய்திதான். கொளுத்தப்பட்டால் செய்தி, இல்லையென்றால் அதுவும் கிடையாது.

ஒரு பைசா என்ற விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது 1 ரூபாய்க்கு 16 அணா, 1 அணாவுக்கு 4 பைசா. ஒரு பைசா என்பது காலணா. வாரம் தவறாமல் வாங்கினால் வருஷத்துக்கு 52 பைசா, அதாவது 13 அணா. ஒரு முழு ரூபாய்கூட ஆகாது. புதன்கிழமை தோறும் நாலு பக்கம். விலையையே பேராக வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். உன்னால் வாங்க முடியும் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். ஒரு வருஷம் கழித்து வாசகர்கள் கேட்டதால் 'ஒரு பைசா' போய் 'தமிழன்' மட்டும் நின்றது. அவர்களுக்குத் தங்கள் பத்திரிகையின் பேரில் பைசா ஒட்டிக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை போலும். மலிவாக இருக்கட்டும், மலிவு என்று சொல்ல வேண்டாம். இது நம் சனங்களுக்கே உரிய ரோசம். எங்கள் காலனியிலும் பார்க்கிறேன், ரேசன் அரிசிச் சோறுதான் தின்போம், விருந்தாளி வந்தால் அதைச் சொல்ல மாட்டோம்.

அந்த நாலு பக்கத்தில் என்ன இல்லை? இந்திரர் தேச சரித்திரம் தொடராக வந்தது. பௌத்தம் வந்தது. சுதேசி இயக்கத்துக்காரர்களைப் பார்த்து, உங்கள் சுதேசத்தில் எங்களுக்கு எந்த இடம் என்ற கேள்வி வந்தது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்ன பேர் கொடுப்பது என்ற விவாதம் வந்தது. வாசகர்கள் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள், அவர் பதில் எழுதுவார். அவர் சித்த வைத்தியர். நாடி பிடித்துப் பார்க்கிற கைதான் பத்திரிகையும் எழுதியது. 1914 மே 5இல் சாகிற வரைக்கும் ஏறக்குறைய ஏழு வருஷம், வாரா வாரம். பதினோரு இதழில் மூச்சு வாங்கிப்போன எங்களுக்கு இதன் கஷ்டம் தெரியும்.

ஏழு வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தது? இங்கேதான் நம்ம பக்கத்துக் கதை வருகிறது. அந்தப் பத்திரிகையைத் தாங்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர்கள் கோலார் தங்கவயல் தொழிலாளிகள். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ் என்ற பேர்களைத் 'தமிழன்' பக்கங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பெங்களூர், திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் என்று நம்மவர்கள் கூலிக்குப் போன இடமெல்லாம் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை போனது, கூடவே பத்திரிகையும் போனது. கூலிக்குக் கப்பல் ஏற்றி அனுப்பிய பாதையிலேயே அறிவையும் அனுப்பினார்கள்.

தங்கவயலுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பழைய வட ஆற்காடு, சித்தூர் பக்கத்துச் சேரிகளிலிருந்து போனவர்கள். திருத்தணி 1911க்கு முன்னால் வட ஆற்காடு. அப்புறம் சித்தூர் ஜில்லா. 1960 ஏப்ரல் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் ஊருக்கு எழுதப்பட்ட வரலாறு இரண்டுதான். ஒன்று முருகன், இன்னொன்று எல்லைப் போராட்டம். ம.பொ.சி. வந்தார், போராடினார், மீட்டார் என்று மேடையில் சொல்வார்கள். அவர் போராடியது உண்மை. அச்சுக் கோக்கிற தொழிலாளியாக இருந்தவர் அவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதையும் உண்டு. ஆனால் எல்லை இந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கம் போனாலும் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த எல்லையை யாரும் நகர்த்தவில்லை. சேரியிலிருந்து அரக்கோணம் போய் வண்டி ஏறி, ஜோலார்பேட்டை தாண்டி, சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு இந்த இரண்டு வரலாற்றிலும் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் பூட்டன் அப்படிப் போனவர்தான். ஆயாவோட மாமனார். அயோத்திதாசர் செத்த பிறகு, அவர் மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் நடத்தி நின்றுபோன 'தமிழன்' பத்திரிகையை, 1926இல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் மறுபடி எழுப்பினார். 1930களின் நடுப்பகுதி வரை வந்தது. சுரங்கத் தொழிலாளிகளின் ஊரில், அவர்களுக்கு நடுவில் ஒரு வாரப் பத்திரிகை. நகரத்து மேதாவிகளின் தயவு இல்லாமல் நடந்த காரியம். பூட்டன் தங்கவயலில் இருந்தது அந்தக் காலத்தில்தான்.

அவர் திரும்பி வரும்போது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தாராம். 2013இல், எம்.ஏ. முடித்த சூட்டில், ஆயாவிடம் அந்தப் பெட்டியைக் கேட்டேன்.

"அதுவா? துரு புடிச்சுப் போச்சுப்பா. பழைய இரும்புக்காரன்கிட்ட எடைக்குப் போட்டாச்சு, உங்க நைனா கல்யாணத்துக்கு முன்னாடியே."

"உள்ள இன்னா இருந்துச்சு ஆயா?"

"துணி இருந்துச்சு. காயிதமா கெடந்துச்சு. புத்தர் படம் போட்ட காயிதம். மாமனார் சாயந்தரமானா விளக்க வெச்சுக்கினு அதத்தான் படிப்பாரு. பக்கத்து ஊட்டு ஆம்பளைங்க எல்லாம் வந்து குந்திக்குவாங்க. அவரு செத்ததுக்கப்புறம் யாரு படிக்கிறது? அடுப்பு பத்த வெக்க நல்லா இருந்துச்சு. மழைக்காலத்துல வெறகு நமுத்துப் போவும், ரெண்டு காயிதத்தக் கிழிச்சு வெச்சா சட்டுனு புடிச்சிக்கும்."

அது 'தமிழன்' தானா, தங்கவயலில் சித்தார்த்த புத்தகசாலை போட்ட புத்தகமா, வேறு ஏதாவதா, சொல்ல வழியில்லை. ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மழைக்காலத்தில் ஈர விறகில் சோறு பொங்கியவளிடம் ஆவணக் காப்பகம் பற்றி நான் என்ன பேச முடியும்? அவளை எழுத்து தெரியாதவளாக வைத்த ஊர்தான் அந்தத் தாளை எரித்தது. சரி, அதே அடுப்பில்தான் எங்க நைனாவுக்குச் சோறு வெந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அவள் சொன்னதில் இன்னொன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. சாயந்திரம் பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து உட்கார்ந்து கேட்டது. ஒரு பிரதி, ஒரு விளக்கு, படிக்கத் தெரிந்த ஒருவர், சுற்றிப் பத்துப் பேர். ஒரு பத்திரிகை எத்தனை பிரதி அச்சானது என்று எண்ணிப் பார்த்து அதன் செல்வாக்கை அளக்கிற வழக்கம் நமக்கு உதவாது. பெண்கள் கேட்டார்களா என்று ஆயாவிடம் கேட்டேன். "நாங்க அடுப்பாண்ட இருப்போம். காதுல உழும்" என்றாள்.

சிறுபத்திரிகை என்று நம் இலக்கியவாதிகள் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று சொல்லித்தான் தொடங்கினார். அந்த மனுசன் புத்தகத்தைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர், அந்த உழைப்பைக் கொச்சைப்படுத்த மாட்டேன். ஆனால் குறைந்த பேர் படித்தால் போதும் என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும். படிக்கிற கூட்டம் ஏற்கெனவே தன் பக்கம் இருக்கிறவன்தான் அதில் பொறுக்கி எடுக்க முடியும். நம் பத்திரிகைகள் சிறுத்தது காசில்லாமல். அவர்களுக்குச் சிறுமை ஒரு கொள்கை. நமக்கு அது வறுமை. சீனிவாசனும் அயோத்திதாசரும் அத்தனை சேரியிலும் தங்கள் தாள் போய்ச் சேர வேண்டும் என்றுதான் நினைத்தார்கள்.

மேற்கு நாடுகளிலும் இந்த மாதிரித் தன் கையால் அச்சிட்டு விநியோகிக்கிற வழக்கம் இருக்கிறது. அதை 'ஸீன்' என்கிறார்கள். 1930இல் சிகாகோவில் அறிவியல் கதை ரசிகர்கள் 'த காமெட்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள், அதிலிருந்து வரலாறு எழுதுகிறார்கள். 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற இளைஞன் பங்க் இசைக்காக 'ஸ்னிஃபின் க்ளூ' போட்டான். ஜெராக்ஸ் எந்திரம் வந்த பிறகு பெண்கள், கறுப்பர்கள், ஒருபாலினத்தவர் எல்லாரும் அதைக் கையில் எடுத்தார்கள். சோவியத்து நாட்டில் தட்டச்சில் கார்பன் தாள் வைத்து அடித்து, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ரகசியமாகக் கொடுத்தார்கள், அதுக்கு 'சமிஸ்தாத்' என்று பேர், தானே பதிப்பித்தது என்று அர்த்தம். பிடிபட்டால் சிறை. இவற்றை எல்லாம் படித்தபோது நெருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் அந்த ஸ்டேப்ளர் பின் அடித்த தாள்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். அமிலம் படாத அட்டைப் பெட்டியில் போட்டு, எண் கொடுத்து, குளிர் அறையில். நம் 'சூரியோதயம்' எங்கே? 'பஞ்சமன்' எங்கே? பேர் மட்டும் இருக்கிறது, தாள் இல்லை.

'பறையன்' பத்திரிகை ஓரளவு மிஞ்சியிருப்பது எங்கே தெரியுமா? சர்க்காரின் கோப்பில். சுதேசிப் பத்திரிகைகளில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று கண்காணிக்க, வாரா வாரம் சாரத்தை இங்கிலீசில் மொழிபெயர்த்து அதிகாரிகளுக்கு அனுப்புகிற ஏற்பாடு வெள்ளைக்காரனிடம் இருந்தது. அந்த அறிக்கைகளில்தான் நம் பத்திரிகைகளின் துண்டு துணுக்குகள் கிடைக்கின்றன. சீனிவாசன் தமிழில் எழுதியதை ஒரு குமாஸ்தா உளவுக்காக இங்கிலீசாக்கி, நூறு வருஷம் கழித்து நம் ஆய்வாளர் அதைத் திரும்பத் தமிழாக்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பண்டிதர்களும் தமிழ்ச் சங்கங்களும் சேர்த்து வைக்காததைப் போலீசு புத்தி சேர்த்து வைத்திருக்கிறது. அன்றைக்கு ஆடிக் கிருத்திகையில் எங்கள் இருபது பிரதியைத் தூக்கிப் போன காக்கிச் சட்டையை நினைத்துக்கொண்டேன். எங்கள் பத்திரிகையும் கடைசியில் ஏதாவது ஒரு ஸ்டேசன் மூட்டையில்தான் கிடைக்குமோ என்னவோ.

'தமிழன்' தப்பித்தது வேறு வழியில். அதைக் காப்பாற்றியவர்கள் நம் சனங்கள். தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் சென்னையிலும் சில குடும்பங்கள் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருந்தன. அன்பு பொன்னோவியம், டி.பி. கமலநாதன் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்க அந்தத் தாள்களைக் கரையானிடமிருந்து காத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று இரண்டு பெரிய தொகுதிகளைக் கொண்டுவர முடிந்தது. மூன்றாவது தொகுதி 2003இல் வந்தது. அதற்கப்புறம்தான் பல்கலைக்கழகங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார் என்பதே ஞாபகம் வந்தது. 85 வருஷம் ஒரு சிந்தனையாளர் தகரப் பெட்டிகளில் குடியிருந்திருக்கிறார்.

அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியது 1920 ஜனவரி 31இல். 'பறையன்' வந்து 26 வருஷம் கழித்து. கோலாப்பூர் சாகு மகாராஜா 2500 ரூபாய் கொடுத்தார். காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் திலகர் நிறுவிய 'கேசரி' மறுத்துவிட்டது. ஊமைகளின் தலைவன் என்ற அந்தப் பேருக்கு அதைவிட நல்ல விளக்கம் வேறு கிடையாது. பிறகு 1927இல் 'பகிஷ்கிருத் பாரத்', 1930இல் 'ஜனதா', 1956இல் 'பிரபுத்த பாரத்'. இத்தனை பெரிய படிப்பாளி, இத்தனை வேலைக்கு நடுவில், ஒன்று நின்றால் இன்னொன்று என்று ஏன் பத்திரிகை பத்திரிகையாகத் தொடங்கிக்கொண்டே இருந்தார்? கேசரியின் மறுப்பில் பதில் இருக்கிறது.

1990களில் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் எழுந்த அலை நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். நிறப்பிரிகை, கோடாங்கி, 1997இல் தலித் முரசு. பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்ததும் பெரிய பதிப்பகம் வழியாக அல்ல, மதுரையில் இருந்த ஐடியாஸ் மையம் வழியாகத்தான். பெயர் தெரிந்த இதழ்களைச் சொல்லிவிட்டேன். பெயர் தெரியாதவை எத்தனையோ. சைக்ளோஸ்டைலில், மெழுகுத் தாளில் கீறி எழுதி, மை உருளையை உருட்டி, கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு நூறு பிரதி எடுத்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையையே துண்டறிக்கையாக அச்சடித்தவர்கள் இருந்தார்கள். அந்தத் தாள்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன? எங்கள் பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு இதழ் போட்டோம். என்னிடம் நாலுதான் இருக்கிறது. ஒன்று வெள்ளத்தில் போனது. மற்றதை யாரோ படிக்க வாங்கிப் போனார்கள். அந்தச் சாவு மேளக்காரர் பேட்டி வந்த இதழ் என்னிடம் இல்லை. அவரும் இப்போது இல்லை.

இதனால் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலை செய்கிறோம். திருத்தணி, பள்ளிப்பட்டு, அரக்கோணம் சுற்று வட்டாரத்தில், தங்கவயலுக்கோ ரயில்வேக்கோ வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்களைத் தேடிப் போகிறோம். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்கிறோம். முக்கால்வாசி வீட்டில் ஆயா சொன்ன பதில்தான். சில வீட்டில் எங்களை எல்.ஐ.சி.காரர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார்கள்.

போன மாசம் நகரிக்குப் போகிற வழியில் ஒரு காலனி. ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். எண்பதைத் தாண்டியிருக்கும். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை அவரே இழுத்தார். குடியரசுக் கட்சித் துண்டறிக்கைகள், ஒரு தேர்தல் நோட்டீசு, புத்த முறைப்படி நடந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகை, கையால் எழுதித் தைத்த ஒரு நோட்டு. நோட்டின் அட்டையில் 'கையெழுத்துப் பிரதி, ஆசிரியர் குழு' என்று போட்டு ஆறு பேர். ஐந்து பேர் இல்லை என்றார். ஆறாவது அவர்தான்.

"ஐயா, ஒரு வாரம் குடுங்க. ஜெராக்ஸ் எடுத்துட்டுப் பத்திரமாக் கொண்டாந்து குடுத்துடறோம்."

"அதெல்லாம் முடியாதுப்பா. இப்படித்தான் மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தன் வந்து, ஆராய்ச்சின்னு சொல்லி ஒரு கட்டு வாங்கிக்கினு போனான். இன்னைக்கு வரைக்கும் ஆளக் காணோம். இங்கயே குந்திப் படிங்க. எழுதிக்கிறதுன்னா எழுதிக்கோங்க. கைல தரமாட்டேன்."

பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தம்பி ஒருவன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்ப, நான் செல்போனில் படம் எடுத்தேன். 64 பக்கம். பாதியில் கரண்டு போய்விட்டது. அவருடைய மருமகள் வாசல் கதவை முழுசாகத் திறந்துவிட்டு, நோட்டை வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொள்ளச் சொன்னாள்.